ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கப் போகிறீர்களா?

பள்ளிக் கண்காட்சிக்காக மகள் ஒரு சர்க்யூட் செய்கிறாள். எல்லாம் தயார், ஒரே ஒரு கெப்பாசிட்டர் மட்டும் குறைகிறது. மால்களில் இருக்கும் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடையில் டிவி கிடைக்கும், அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் கிடைக்காது. ஆன்லைனில் தேடினால் பல அளவுகள் கலந்த பொட்டலமாக வரும். நமக்கு வேண்டியதோ ஒன்றுதான். இந்த மாதிரி நேரத்துக்கென்றே சென்னையில் இருக்கிறது ரிச்சி தெரு.

எப்படிப் போவது?

அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். பறக்கும் ரயிலில் வருபவர்களுக்குச் சிந்தாதிரிப்பேட்டை நிலையம். வண்டி நிறுத்த இடம் கிடைப்பது சிரமம் என்பதால் காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வேலைநாளில், காலைக் கூட்டம் சேர்வதற்கு முன் போனால் கடைக்காரரிடம் நின்று பேச நேரம் கிடைக்கும். பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் கடைகள் உண்டு. அதையும் ஒரு சுற்று பாருங்கள்.

எதை எங்கே வாங்குவது?

ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப், சாதாரண பேட்டரி இவற்றுக்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. தெருமுனை ஹார்டுவேர் கடையே போதும். ஐசி, டிரான்சிஸ்டர், ரிலே, சென்சார், டிரான்ஸ்ஃபார்மர் போன்றவற்றுக்குத்தான் இங்கே வர வேண்டும். பொருளோடு சேர்த்து விஷயமும் கிடைக்கும் என்பதே காரணம்.

பழைய கெப்பாசிட்டர் இருந்தால் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அனுபவமுள்ளவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "25 வோல்ட் இல்ல சார், 35 போடலாம். 16 மட்டும் போட்டுடாதீங்க" என்பார். மைக்ரோஃபாரட் அளவு மாறாமல் வோல்ட் கூடினால் பாதகமில்லை, குறைந்தால் வெடித்துவிடலாம். "எந்த போர்டுக்கு?" என்றும் கேட்பார். ஆர்டுயினோ யுனோ 5 வோல்டில் இயங்குவது, இஎஸ்பி32 3.3 வோல்டில் இயங்குவது. 5 வோல்ட் சிக்னலை நேராக இஎஸ்பி32-க்குக் கொடுத்தால் போர்டே போய்விடக்கூடும். அந்த ஒரு கேள்வி உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.

முதல்முறை சால்டரிங் செய்பவர் 25 வாட் அயர்னும் 60/40 ஈயமும் கேட்டு வாங்கலாம். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். அந்த ஈயத்தில் காரீயம் கலந்திருப்பதால் முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கவனிக்க வேண்டியவை

பார்ட் நம்பரைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாசலில் நின்று கூப்பிடுபவர் பின்னால் போகாமல் இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். மொத்த வியாபாரக் கடைகளில் ஒன்று இரண்டாகத் தர மாட்டார்கள். சில்லறையாகக் கொடுக்கும் கவுண்டர் எதுவென்று அவர்களிடமே கேட்டால் கை காட்டுவார்கள். அடாப்டர், மாட்யூல் வாங்கினால் அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள், பில்லும் கேளுங்கள். 18650 லித்தியம் செல்லின் மேல் 9,900 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தால் தொடாதீர்கள். அந்த அளவில் தரமான செல்லே பொதுவாக 3,500 எம்ஏஎச் அளவில்தான் இருக்கும்.

இரண்டு ரூபாய் ரெசிஸ்டருக்குப் பேரம் பேசாதீர்கள். அந்தச் சின்னப் பொருளை எடுத்துத் தர, நூற்றுக்கணக்கான டப்பாக்களின் இடத்தை மனதில் வைத்திருக்கும் ஒருவர் தேவைப்படுகிறார். பெரிய பொருட்களை எல்லாம் ஆன்லைனில் வாங்கிவிட்டு, அவசரத்துக்கு மட்டும் இவரைத் தேடினால் அந்தக் கவுண்டர் நிலைக்காது. பட்டியலில் பாதியையாவது இங்கே வாங்குங்கள். போகும்போது மகளையும் கூட்டிப்போங்கள். பட்டியலை அவளே நீட்டட்டும், கேள்விகளையும் அவளே கேட்கட்டும்.