சாப்பாட்டுக் கடையில் ஆள் நிலைக்க என்ன செய்யலாம்?



"அக்கா, நாளையில இருந்து வர மாட்டேன். மலைக்குப் போறேன்."

சாப்பாட்டுக் கடை நடத்தும் நம் குழுக்களுக்குப் பழகிப் போன வார்த்தை இது. தேவாரத்தில் விடியும் முன்பே ஜீப் வந்து நின்று விடுகிறது. போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் போகிறார்கள். காய் எடுக்கும் சீசனில் நம் சமையல்கார அக்காவும் அந்த ஜீப்பில் ஏறி விட்டால், அன்று கடையில் இட்லி ஊற்ற ஆள் இல்லை.

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் இல்லை. பெரிய ஓட்டல்காரர்களும் பரோட்டா மாஸ்டருக்கு அட்வான்ஸ் கொடுத்துத்தான் பிடித்து வைக்கிறார்கள். வேறு கடையில் கூடுதலாக அட்வான்ஸ் கிடைத்தால் அவர் போய் விடுவார். வடமாநில ஆட்களை நம்பி இருந்த ஓட்டல்கள், 2020 ஊரடங்கில் அவர்கள் சொந்த ஊருக்குப் போனதும் திண்டாடின. முதலாளி கடைக்கே இந்த நிலை. நம் கடையிலோ வங்கிக் கடன் குழுவின் பேரில் இருக்கிறது. ஆள் இல்லாமல் கடையை மூடலாம், தவணையை மூட முடியாது. அது சமையல் பக்கமே போகாத உறுப்பினர் தலையிலும் விழும். அதனால் இந்த மாதம் இதையே பாடமாக எடுத்துக் கொள்வோம்.

ஏன் போகிறார்கள்?

பல கூட்டங்களில் கேட்டதைச் சேர்த்து ஒரே கடையின் கதையாகச் சொல்கிறேன். ஐந்து பேர் சேர்ந்து கடை போடுகிறார்கள். முதல் மாசம் எல்லோரும் ஆசையாக வருகிறார்கள். இரண்டாம் மாசம் ஒருத்தர் வீட்டில் விசேஷம், இன்னொருத்தர் பிள்ளைக்குக் காய்ச்சல். மாவு ஆட்டுவது, அடுப்பில் நிற்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் இரண்டு பேர் மேல் விழுகிறது. "வாரக் கடைசியில் பார்த்துக்கலாம்" என்று சம்பளம் தள்ளிப் போகிறது. வராதவருக்கும் வந்தவருக்கும் பங்கு சமம் என்று பேச்சு வருகிறது. ஆறாம் மாசம், நன்றாக உழைத்தவர்தான் முதலில் விலகுகிறார்.

"தோட்டத்துல கூலி கூட, அதான் போயிட்டா" என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். போனவரைக் கேட்டால் வேறு பதில் வருகிறது. "அங்க எத்தனை மணிக்கு வேலை முடியும்னு தெரியும். கூலி என்னைக்கு கைக்கு வரும்னு தெரியும். இங்க ரெண்டும் தெரியாது."

சகோதரிகளே, பாடத்தின் சாரம் இந்தப் பதிலில் இருக்கிறது. கூலி குறைவு ஒரு காரணம்தான். நேரமும் பணமும் லீவும் நிச்சயம் இல்லாதது அதைவிடப் பெரிய காரணம்.

இரண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

முதல் கணக்கு: ஒரு கடையில் நாள் சம்பளம் 350 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். காலை 4 மணிக்கு வந்தவர் மாலை 3 மணிக்குப் போகிறார். 11 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 32 ரூபாய்கூட விழவில்லை. இதே 350 ரூபாய்க்கு 7 மணி நேரம் என்றால் மணிக்கு 50 ரூபாய். ஒருவருக்குக் காலை 4 முதல் 11 வரை, இன்னொருவருக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை என்று முறை வைத்தால், கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில் இருவரும் இருப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை உள்ளவர் இரண்டாவது முறையை எடுத்துக் கொள்ளலாம்.

இரண்டாவது கணக்கு: கைப்பக்குவம் தெரிந்த ஒருவர் போனால், புது ஆள் பழக 15 நாள் ஆகும் என்று வைப்போம். சாம்பார் ருசி மாறும், மாவு வீணாகும், வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார். இதில் தினம் 300 ரூபாய் குறைந்தால் 15 நாளில் 4,500 ரூபாய் நஷ்டம். அவருக்குத் தினம் 30 ரூபாய் கூட்டிக் கொடுத்திருந்தால் மாதம் 26 நாளுக்கு 780 ரூபாய்தான். அந்த 4,500 ரூபாயை வைத்து ஐந்து மாசத்துக்கு மேல் கூட்டிக் கொடுத்திருக்கலாம். "கூட்டிக் கொடுத்தா கட்டுப்படி ஆகாது" என்று சொல்லும் முன், உங்கள் கடைத் தொகையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மற்றவர்கள் அனுபவம்

கேரளாவுக்குப் போய் வந்தவர்கள் இந்தியன் காபி ஹவுஸைப் பார்த்திருப்பீர்கள். விசிறி மாதிரி வெள்ளைத் தலைப்பாகை கட்டியவர்கள் பரிமாறுவார்கள். முன்பு காபி வாரியம் இந்தக் கடைகளை நடத்தியது. 1950களில் வாரியம் அவற்றை மூட, ஊழியர்களுக்கு வேலை போனது. ஏ.கே.கோபாலன் வழிகாட்டுதலில் அவர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். முதல் சங்கம் 1957இல் பெங்களூரில் அமைந்தது. 1958 மார்ச் 8 அன்று திருச்சூரில் கேரளாவின் முதல் கடையைத் திறந்தார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கடைகள் நடக்கின்றன. பரிமாறுகிறவரே சங்க உறுப்பினர். கடையில் தனக்குப் பங்கு இருக்கிறது என்று தெரிந்தவர் சட்டென்று போக மாட்டார்.

அதே கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் 2020 முதல் 'ஜனகீய' உணவகங்களில் 20 ரூபாய்க்குச் சாப்பாடு போட்டார்கள். ஒரு சாப்பாட்டுக்கு அரசு 10 ரூபாய் மானியம் கொடுத்தது. மானியம் பாக்கி விழுந்தது, 2023 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. கடன் வாங்கிக் கடை நடத்திய பெண்கள் பாக்கிப் பணத்துக்காகப் போராட வேண்டி வந்தது. அடுத்தவர் கையில் இருந்து வரும் பணத்தை நம்பியே சம்பளம் வைத்தால் ஆபத்து என்பது இதில் கிடைக்கும் பாடம்.

சென்னையில் 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் வேலை செய்வதும் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். நாள் சம்பளம் 300 ரூபாய். அது 325 ரூபாய் ஆனது 2024இல். அரிசி, பருப்பு, பஸ் கட்டணம் இவ்வளவு காலம் காத்திருக்குமா? வருஷத்துக்கு ஒரு தடவையாவது சம்பளத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. சம்பளம் வேறு, பங்கு வேறு. வேலைக்கு வந்த நாளுக்குச் சம்பளம். வருஷக் கடைசியில் லாபம் இருந்தால் பங்கு. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்ற சண்டை பாதி அதிலேயே தீரும்.

2. சம்பள நாளைத் தள்ளக் கூடாது. அலுவலகக் கூட்டங்களுக்குச் சாப்பாடு கொடுத்த பில் தாமதமாக வரலாம். அதற்காக ஒரு மாசச் சம்பளத் தொகையைக் கடைக் கணக்கில் தனியாகச் சேர்த்து வையுங்கள்.

3. லீவை முன்கூட்டியே எழுதுங்கள். வாரம் ஒரு நாள் எல்லோருக்கும் ஓய்வு. திருவிழா, காய் எடுப்பு, திராட்சை அறுவடை வரும் மாசங்களை முதலிலேயே குறித்துக் கொள்ளுங்கள். மூணு மாசம் மலைக்குப் போகிறவரை எதிரியாகப் பார்க்க வேண்டாம். "சீசன் முடிஞ்சதும் வாம்மா, உன் இடம் இருக்கு" என்று சொல்லி, அது வரைக்கும் மாற்று ஆளைப் பழக்குங்கள்.

4. ஒரு வேலைக்கு இரண்டு பேர் பழகி இருக்க வேண்டும். மசாலா அளவைக் கைக்கணக்காக விடாமல் கரண்டிக் கணக்கில் எழுதி ஒட்டுங்கள்.

5. உட்கார இடம் கொடுங்கள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே வந்தது. நம் கடையில் காய் நறுக்க ஒரு முக்காலி போட எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. புகைபோக்கியும் கழிப்பறையும் இதே அளவு முக்கியம்.

6. சமையல் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதியலாம். தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் விவரம் கேட்டு, எல்லோரையும் பதிய வையுங்கள்.

7. மரியாதை. "உன்னை விட்டா ஆளா இல்ல?" என்ற ஒரு வார்த்தை போதும், மறுநாள் ஜீப்பில் ஆள் கூடிப் போகும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* போன வருஷம் நம் கடையை விட்டு எத்தனை பேர் போனார்கள்? அவர்களிடம் காரணம் கேட்டோமா, நாமே முடிவு செய்து கொண்டோமா?
* நம் கடையில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு விழுகிறது?
* நாளைக்கே சமையல் அக்கா வரவில்லை என்றால் அந்த வேலையைச் செய்ய யார் இருக்கிறார்கள்?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். முடிந்தால் விலகிப் போனவரையும் அன்று கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அவர் சொல்வது கசப்பாக இருந்தாலும் குறுக்கே பேசாமல் கேளுங்கள். கடைக்கு என்ன குறை என்று நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.