மலைத் தோட்டத்துக்குப் புது பெட்ரோல் இன்ஜின்: முதல் 20 மணி நேரம்

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி வட்டாரங்களில் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், மலைப்பூண்டு பயிரிடும் விவசாயிகள் பலர் இப்போது சிறிய பெட்ரோல் இன்ஜின்களை வாங்குகின்றனர். ஓடைத் தண்ணீரை இறைக்கும் பம்புசெட்டிலும், களையெடுக்கும் பவர் வீடரிலும் இருப்பது பெரும்பாலும் நான்கு வீச்சு (போர் ஸ்ட்ரோக்) இன்ஜின்தான். இதன் ஆயுள் பெரும்பாலும் முதல் 20 மணி நேரத்தில் அதை நாம் நடத்தும் விதத்தைப் பொறுத்தது.

பழைய பழக்கம் உதவாது

மருந்து தெளிக்கும் பழைய இரண்டு வீச்சு இன்ஜின்களில் பெட்ரோலுடன் ஆயில் கலந்து ஊற்றுவது வழக்கம். அந்த ஆயிலே உள்பாகங்களுக்கு மசகாகும். நான்கு வீச்சு இன்ஜின் அப்படியல்ல. உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், புகை தள்ளுதல் என்ற நான்கு வேலைகளும் பிஸ்டனின் நான்கு தனித்தனி வீச்சுகளில் நடக்கின்றன. மசகு ஆயில் இன்ஜினின் அடிப்பகுதியில் தனியே இருக்கிறது. ஆகவே பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது. கலந்தால் புகை கக்கும். பிளக்கில் கரி படியும்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. புது இன்ஜின்கள் பெரும்பாலும் ஆயில் ஊற்றப்படாமலேயே பெட்டியில் வருகின்றன. அப்படியே கயிற்றை இழுத்து ஓட்டினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துவிடும். போட்ட பணம் அத்தோடு போயிற்று.

தொடங்கும் முறை

1. இன்ஜினைச் சமதளத்தில் வைக்கவும். படிக்கட்டு வயலின் சரிவில் வைத்துப் பார்த்தால் ஆயில் அளவு தவறாகக் காட்டும்.

2. கையேட்டில் சொன்ன ஆயிலை ஊற்றவும். பெரும்பாலான சிறு இன்ஜின்களுக்கு 10டபிள்யூ-30 ரகம் ஏற்றது. 5 குதிரைத்திறன் இன்ஜினுக்குச் சுமார் 600 மில்லி பிடிக்கும். அளவுக் கம்பியைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் பார்ப்பதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டைப் படிக்கவும். பவர் வீடரில் கியர் பெட்டிக்குத் தனி ஆயில் உண்டு. அதையும் மறக்க வேண்டாம்.

3. பம்பாக இருந்தால், முதலில் பம்புக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்பவும். தண்ணீரின்றி ஓடினால் உள்ளேயுள்ள சீல் கருகிவிடும்.

4. பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக்கை மூடி, கயிற்றை மெதுவாக இழுக்கவும். கை இறுக்கத்தை உணர்ந்த பின் விரைந்து இழுக்கவும். இன்ஜின் பிடித்ததும் சோக்கைச் சிறிது சிறிதாகத் திறக்கவும். மலைக் குளிரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் சுமையின்றி ஓடவிட்ட பிறகே வேலையில் இறக்கவும்.

5. முதல் 10 மணி நேரத்துக்கு முழு வேகமும் முழுச் சுமையும் வேண்டாம். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினால் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு நன்கு படியும்.

6. 20 மணி நேரம் அல்லது ஒரு மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது ஆயிலை மாற்றவும். புது உலோகம் தேய்ந்த துகள்கள் அதில்தான் இருக்கும். பிறகு 100 மணிக்கு ஒரு முறை மாற்றினால் போதும். கழித்த ஆயிலை ஓடையில் கொட்டக் கூடாது. இந்த மலை நீர்தான் அடிவாரத்து அணைகளுக்கும் ஊர்களுக்கும் போகிறது.

உயரம் செய்யும் வேலை

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்று அடர்த்தி குறைவு. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் இன்ஜின் சக்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். சமவெளியில் 5 குதிரைத்திறன் தரும் இன்ஜின் இங்கு 4 தான் தரும் என்று கணக்கிட்டு வாங்கவும்.

காற்று குறையும்போது பெட்ரோல் விகிதம் கூடிவிடும். கரும்புகை, பிளக்கில் கரி, பெட்ரோல் செலவு ஆகியவை இதன் அடையாளங்கள். 1,500 மீட்டருக்கு மேல் நிரந்தரமாக ஓட்டுவதானால் கார்புரேட்டரில் சிறிய ஜெட் போட மெக்கானிக்கைக் கேட்கவும். ஆனால் அப்படி மாற்றிய இன்ஜினை வத்தலக்குண்டு, பழனி பக்கம் இறக்கி ஓட்டக் கூடாது. பெட்ரோல் போதாமல் இன்ஜின் அளவுமீறிச் சூடாகிக் கெடும்.

பம்பு வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பம்பு தண்ணீரை இழுப்பதில்லை; காற்றழுத்தமே மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அது 10.3 மீட்டர் நீரைத் தாங்கும். இங்கு 8 மீட்டர்தான். பெட்டியில் 7 மீட்டர் உறிஞ்சும் என்று எழுதியிருந்தால், இங்கே 5 மீட்டருக்குள் வைத்துக்கொள்வதே நல்லது. பம்பை ஓடைக்கு அருகே கீழே இறக்கி வைத்து, மேல்நோக்கித் தள்ள விடுங்கள்.

உயிருக்கு ஆபத்து

மழைக்கும் குளிருக்கும் பயந்து மூடிய கொட்டகையிலோ, பசுமைக் குடிலிலோ, கிணற்றுப் பள்ளத்திலோ இன்ஜினை ஓட்டவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. மயக்கம் வருவது தெரியுமுன் உயிர் போய்விடும். ஒருவர் மயங்கி விழுந்தால் உடனே உள்ளே பாயாமல், காற்றோட்டம் செய்து, தீயணைப்புப் படையை அழைக்கவும். சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றுவதும் ஆபத்து.

சில குறிப்புகள்

ஜீப்பிலோ குதிரை முதுகிலோ ஏற்றும்போது பெட்ரோல் குழாயை மூடி, இன்ஜினை நிமிர்த்தியே வைக்கவும். படுக்க வைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் ஏறி, கயிறு இழுபடாது. ஓட்டும்போதும் 20 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது.

இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்துள்ளது. அது ஈரத்தை உறிஞ்சும். பனி மூட்டமுள்ள மலையில் பாதி காலியான கேனில் மாதக்கணக்கில் பெட்ரோல் வைக்க வேண்டாம். வேலையில்லாத காலத்தில் டாங்கியையும் கார்புரேட்டரையும் வடித்துவிடவும். காற்று வடிகட்டியைத் தினமும் பார்க்கவும்.

இன்ஜின் ஓடிய மணி நேரத்தைக் கொட்டகைக் கதவில் சாக்கட்டியால் குறித்து வாருங்கள். ஆயில் மாற்றும் நாள் தானே தெரியும்.