பிள்ளையின் காதுக்கு எட்டாத பெருமை



ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம், இலை உதிராத ஒரு மரம் முஸ்லிமுக்கு உவமையாக இருக்கிறது, அது எந்த மரம் என்று கேட்டார்கள். எல்லோருடைய எண்ணமும் காட்டு மரங்களைச் சுற்றியது. அந்தச் சபையில் இருந்த பத்துப் பேரில் ஆகச் சிறியவர் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள். அது பேரீச்ச மரம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. (அப்போது சபைக்கு வந்திருந்ததே பேரீச்சங்குருத்துதான் என்றும் புகாரியில் வருகிறது!) ஆனாலும் வாய் திறக்கவில்லை. அபூபக்ரும் (ரலி) தம் தந்தை உமரும் (ரலி) மௌனமாக இருக்கும்போது தாம் எப்படிப் பேசுவது என்ற தயக்கம்.

பிறகு தந்தையிடம் விஷயத்தைச் சொன்னார்கள். பெரியவர்கள் முன்னால் பேசாமல் இருந்ததே நல்லது என்று உமர் (ரலி) சொல்லவில்லை. நீ அதைச் சொல்லியிருந்தால் இன்னின்ன செல்வம் எனக்குக் கிடைப்பதைவிடப் பிரியமாக இருந்திருக்கும் என்றார்கள்.

மகன் மரியாதை என்று நினைத்து மௌனமானார். தந்தைக்கோ அவர் பேசியிருந்தால்தான் பெருமை. தந்தை வாய்விட்டுச் சொன்னதால்தான் அது மகனுக்குத் தெரிந்தது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அத்தா டீக்கடையில், “என் மகன் கணக்குல புலி” என்கிறார். வீட்டில் மார்க் அட்டையைப் பார்த்தால், “மீதி ரெண்டு மார்க் எங்கேடா?” ஏன் என்று கேட்டால், “தலைக்கனம் வந்துடும் ஹஸ்ரத், கண்ணு பட்டுடும்” என்கிறார். கண்ணேறு உண்மைதான். அதற்கு பரக்கத் வேண்டி துஆ செய்யத்தான் மார்க்கம் சொல்லித் தந்திருக்கிறது, வாயை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை நாளை வளைகுடாவுக்குப் போகிறான். போனில் அத்தா, “நல்லாருக்கியா? இரு, அம்மாகிட்ட தர்றேன்” என்கிறார். அத்தாவுக்கு நம்மேல் பிரியமில்லை என்று மகன் நினைக்கிறான். பெரிய ஆளாகிவிட்டான், நம்மிடம் பேச அவனுக்கு என்ன இருக்கிறது என்று அத்தா நினைக்கிறார். இருவரும் காத்திருக்கிறார்கள்!

ஊருக்குச் சொல்லும் நானும் தவறியவன்தான். சென்ற மாதம் என் சின்ன மகள் அபஸ சூராவை மனனம் செய்துவிட்டு ஓதிக்காட்ட வந்தாள். நான் போனில் ஜும்ஆவுக்குக் குறிப்பு பார்த்துக்கொண்டே, “ஓதும்மா” என்றேன். ஓதினாள். சிறிது நேரம் கழித்து, “அத்தா, நான் எங்க நிறுத்தினேன்?” என்று கேட்டாள். அவள் நிறுத்தியதே எனக்குத் தெரியாது. “பத்தாவது ஆயத்” என்றாள். தேடி வந்தவரை விட்டுக் கவனம் வேறு பக்கம் போனதைப் பற்றிய ஆயத் அது. அவளுக்கு அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும்.

மறுநாள் போனை அலமாரியில் வைத்துவிட்டு, நானே அவளைக் கூப்பிட்டு உட்கார்ந்தேன். பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஆயத்தின் எண்ணைச் சொன்னேன். சிரித்துவிட்டு, 42 ஆயத்தையும் ஒரே மூச்சாக ஓதி முடித்தாள். அல்ஹம்துலில்லாஹ்.