ஒரே மாத்திரை – ஒருவருக்கு மட்டும் ஏன் மயக்கம்?



"அக்காவுக்குக் குடுத்த மாத்திரை மிச்சம் இருக்கு, அதையே தங்கச்சிக்கும் குடுத்துப் பார்ப்போம்." லயத்தில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆனால் அக்காவுக்குச் சுகம் தந்த மாத்திரை, தங்கச்சியின் இதயத் துடிப்பைக் குழப்பிவிடவும் கூடும். அதற்குப் பரம்பரையும் ஒரு காரணம். எப்படி என்று பார்ப்போம்.

இதயத்தின் மின்சாரம்

நம் இதயம் மிகச் சிறிய மின்சாரத்தால் துடிக்கிறது. சோடியம், பொட்டாசியம் ஆகிய உப்புகள் இதயக் கலங்களின் நுண்ணிய கதவுகள் வழியாகப் போய்வருவதால் அந்த மின்சாரம் உண்டாகிறது. ஒரு துடிப்பு முடிந்ததும் பொட்டாசியம் வெளியேற வேண்டும். அப்போதுதான் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும்.

பொட்டாசியக் கதவு சரியாகத் திறக்காவிட்டால் இந்த நேரம் நீளும். ஈ.சீ.ஜீ. படத்தில் இதை 'க்யூ.டீ. இடைவெளி' என்று அளக்கிறார்கள். அது மிகவும் நீண்டால் இதயம் திடீரென்று தாறுமாறாக, அதிவேகமாகத் துடிக்கத் தொடங்கலாம். மூளைக்கு இரத்தம் போகாமல் ஆள் விழுந்துவிடுவார். பல தடவை சில விநாடிகளில் தானே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் உயிர் போகும்.

மருந்தும் கதவை அடைக்கும்

இதில் நமது மலைநாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கல தோட்டம் 1861இல் தொடங்கப்பட்டது சிங்கோனா மரம் வளர்க்கத்தான். அந்த மரப்பட்டையில் மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினாவும், குயினிடின் என்ற மருந்தும் இருக்கின்றன. துடிப்பைச் சீராக்கவே குயினிடினைக் கொடுத்தார்கள். ஆனால் அதைக் குடித்த சிலர் மயங்கி விழுந்தார்கள். அந்த மருந்தே துடிப்பைக் குழப்புகிறது என்பதை 1964இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

இன்று நமக்குப் பழக்கமான மருந்துகளிலும் இந்தக் குணம் உள்ளவை உண்டு. கிருமிகளுக்குக் கொடுக்கும் எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின், வாந்திக்குக் கொடுக்கும் டொம்பெரிடோன், மனநோய்க்குக் கொடுக்கும் ஹலோபெரிடோல் போன்றவை சில. இவை கெட்ட மருந்துகள் அல்ல. பெரும்பாலானோருக்கு எந்தக் கெடுதியும் வராது.

பரம்பரை எங்கே வருகிறது?

1995இல் அந்தப் பொட்டாசியக் கதவை உண்டாக்கும் பரம்பரை அலகைக் கண்டுபிடித்தார்கள். மருந்துகள் அடைப்பதும் பெரும்பாலும் அதே கதவைத்தான். இந்த அலகிலோ இதுபோன்ற வேறு அலகுகளிலோ குறையோடு பிறப்பவர்கள் சுமார் 2,000 பேரில் ஒருவர். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஒருவருக்கு வந்து உடன்பிறந்தவருக்கு வராமலும் போகலாம். சிலருக்கு ஈ.சீ.ஜீ. படமும் சாதாரணமாகவே இருக்கும்.

மூன்று கயிறு போட்டுக் கட்டிய விறகுக் கட்டை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்குப் பிறக்கும்போதே ஒரு கயிறு நைந்திருக்கிறது. ஆனாலும் கட்டு நிற்கிறது. மாத்திரை இன்னொரு கயிற்றைத் தளர்த்துகிறது. அந்த நேரம் பார்த்து வயிற்றோட்டம் வந்து, உடம்பிலுள்ள பொட்டாசியமும் குறைந்தால் மூன்றாவது கயிறும் போய்விடும். கட்டு அவிழ்ந்து விழும்.

இன்னொரு வழியும் உண்டு. மருந்தை உடைத்து வெளியேற்றுவது ஈரலின் வேலை. சிலருக்குப் பரம்பரையாகவே அது மெதுவாக நடக்கும். மற்றவர்களுக்குச் சரியான அளவு, அவர்கள் உடம்பில் சேர்ந்து சேர்ந்து கூடிவிடும். ஆண்களை விடப் பெண்களுக்கே இந்தத் துடிப்புக் கோளாறு அதிகம் வருகிறது என்பதையும் நம் பெண்கள் தெரிந்திருக்க வேண்டும்.

குடும்பத்தில் கேட்டுப் பாருங்கள்

- இளவயதில், நோய் ஒன்றும் இல்லாமல், தூக்கத்திலோ வேலையிலோ திடீரென்று இறந்தவர் உண்டா?
- ஓடும்போதோ, நீந்தும்போதோ, பயந்தபோதோ மயங்கி விழுந்தவர் உண்டா?
- மருந்து குடித்த பின் மயங்கியவர் உண்டா?

இப்படி விழுபவருக்கு "காக்காய் வலிப்பு" என்று சொல்லிவிடுகிறோம். "முனி அடிச்சிருச்சு" என்று மந்திரிப்பதும் உண்டு. கை கால் வெட்டினாலும் அது இதயக் கோளாறாக இருக்கலாம். ஒரு ஈ.சீ.ஜீ. எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்.
2. டிஸ்பென்சரிக்கோ டவுன் பார்மசிக்கோ போகும்போது ஏற்கனவே குடிக்கும் மருந்துகளையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரண்டு மருந்து சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது.
3. குடும்பத்தில் திடீர் மரணமோ மயக்கமோ இருந்தால், கேட்காவிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.
4. வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் உடனே ஜீவனி கரைத்துக் கொடுங்கள்.
5. மருந்து குடிக்கும் நாட்களில் தலை சுற்றி மயக்கம் வந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆள் விழுந்தால் 1990க்கு அழையுங்கள். மூச்சு இல்லாவிட்டால் வண்டி வரும்வரை நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளாலும் வேகமாக அழுத்திக்கொண்டே இருங்கள்.

கடைசியாக ஒன்று. இதைப் படித்துவிட்டு, குடித்துக்கொண்டிருக்கும் மருந்தை யாரும் தானாக நிறுத்திவிட வேண்டாம். மருந்தை நிறுத்துவதாலும் உயிர் போகலாம். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். உங்கள் குடும்பத்துக் கதையை நீங்கள் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.