வாடகை பிந்தும்போது வாய் திறக்க வேண்டும்



நம்மில் பெரும்பாலோர் சொந்தக் கட்டடத்தில் கடை நடத்துகிறவர்கள் அல்லர். மாதம் பிறந்தால் வாடகை கொடுக்க வேண்டியவர்கள். வியாபாரம் என்றால் ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. ஆகவே, உரிய நாளில் வாடகை கொடுக்க முடியாத மாதம் ஒன்று எவருக்கும் வரக்கூடும். அப்படி வரும்போது கடைச் சொந்தக்காரரிடம் எப்படிப் பேசுவது என்பதே இந்தப் பாடம். நாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு சரி, சட்டம் படித்ததில்லை. பட்டு அறிந்ததையும் விசாரித்துத் தெளிந்ததையும் மட்டுமே இங்கே எழுதுகிறோம்.

நாம் செய்த தவறு

பினாங்கு ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் கைலி, சட்டைத்துணி, சொங்கோக்கு விற்று வருகிறோம். அப்போது மாத வாடகை 1,500 வெள்ளி. 7ஆம் தேதிக்குள் கொடுப்பது வழக்கம். 2020ஆம் ஆண்டுப் பெருநாள் வியாபாரத்தை நம்பிக் கையிலிருந்த முதலையெல்லாம் போட்டுச் சரக்கு இறக்கினோம். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கடை அடைபட்டது. ஏப்ரலில் நோன்பு பிறந்தது; சரக்கு கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. மே 4ஆம் தேதி முதல் பல கடைகளைத் திறக்க அனுமதி கிடைத்தும் வாங்க ஆளில்லை. மே 24ஆம் தேதி பெருநாளும் வந்து போயிற்று. ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்று மாத வாடகை 4,500 வெள்ளி நின்று போயிற்று.

கடைச் சொந்தக்காரர் எழுபது வயதைத் தாண்டிய சீனப் பெரியவர். அவர் தொலைபேசியில் அழைத்தார், நாம் எடுக்கவில்லை. பணம் இல்லாமல் என்ன பேசுவது என்ற வெட்கம். ஜூன் கடைசியில் அவரே நேரில் வந்தார். அஞ்சடியில் அவர் வருவதைக் கண்டதும் நாம் திரைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு, கல்லாவின் அருகில் நின்ற பத்து வயது மகனிடம், "அத்தா வெளியே போயிருக்காங்கன்னு சொல்லு" என்றோம். அவனும் சொன்னான். பெரியவர் கடையோரம் நின்ற நம் மோட்டார் சைக்கிளை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்.

அன்று இரவு மகன் கேட்டான்: "அத்தா, நான் சொன்னது பொய்தானே? அது என் கணக்குல எழுதுவாங்களா, உங்க கணக்குல எழுதுவாங்களா?" நமக்குப் பதில் வரவில்லை.

ஜூலை முதல் நடப்பு வாடகையை வங்கி வழியாக அனுப்பினோம். பழைய பாக்கியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அக்டோபரில் வழக்கறிஞரின் கடிதம் வந்து சேர்ந்தது. அதன் பிறகே மகனையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். "தவுக்கே, தவறு எங்கள் பக்கம்" என்று தொடங்கினோம். அவர் கோபப்படவில்லை. சொன்னது இதுதான்: "பாய், இந்தக் கட்டடத்துக்கு நானும் வங்கியில் கடன் கட்டுகிறேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 6 மாதம் வங்கி தவணையை நிறுத்தி வைத்தது. ஏப்ரலில் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மூன்று மாத வாடகையில் பாதியை விட்டிருப்பேன். இப்போது வங்கி என்னைக் கேட்கிறது. நான் யாரிடம் போய்க் கேட்பது?"

பாதி என்றால் 2,250 வெள்ளி. நம்முடைய மௌனத்துக்கு நாம் கொடுத்த விலை அது. மகன் சொன்ன பொய் இந்தக் கணக்கில் சேராது.

முதலாவது: நாள் வருமுன் போக வேண்டும்

7ஆம் தேதி வாடகை என்றால், முடியாது என்பது நமக்கு 1ஆம் தேதியே தெரிந்துவிடும். கல்லாப் பெட்டி பொய் சொல்லாது. தெரிந்த அன்றே போய்ச் சொன்னால் அது கலந்து பேசுவது. நாள் கடந்து சொன்னால் அது சாக்கு. சொந்தக்காரருக்கும் வங்கித் தவணை, வரி, மருத்துவச் செலவு என்று பல இருக்கும். ஒரு வாரம் முன்னே தெரிந்தால் அவரும் தம் ஏற்பாட்டைச் செய்துகொள்வார்.

"வாடகை பிந்தினால் என்ன, என் அத்தா காலத்தில் யாரும் கேட்டதே இல்லை" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் காலம் வேறு. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பழைய கடைவீடுகளின் வாடகை மிகக் குறைவாக இருந்தது. குடியிருப்பவரை எளிதில் எழுப்பவும் முடியாது. அந்தச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, தவணைக் காலமும் 1999ஆம் ஆண்டு இறுதியோடு முடிந்தது. அதன் பிறகு ஜார்ஜ் டவுனில் எத்தனை குடும்பங்கள் கடையை விட்டுப் போயின என்பதை நாம் கண்ணால் கண்டோம். ஆகவே அத்தா காலத்து மெத்தனம் இப்போது உதவாது.

இரண்டாவது: நாமே போக வேண்டும்

கடைப் பையனையோ, பிள்ளைகளையோ, மனைவியையோ முன்னே நிறுத்துவது கூடாது. நடுவில் ஆள் வைத்தால் சொன்னது ஒன்று, போய்ச் சேர்வது வேறொன்று. பேசும்போது நம் கஷ்டத்தை ஐந்து நிமிடத்துக்கு மேல் சொல்ல வேண்டாம். அவர் அறிய விரும்புவது இரண்டே: எவ்வளவு கிடைக்கும்? எப்போது கிடைக்கும்? வெறுங்கையோடும் போகாமல், கால்பங்கோ பாதியோ, முடிந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்வது நலம். நம் சொல்லை அந்தப் பணம் தாங்கி நிற்கும்.

மூன்றாவது: காப்பாற்றக்கூடிய கணக்கைச் சொல்ல வேண்டும்

"அடுத்த மாதம் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன்" என்பது நம் வியாபாரிகள் வாயில் தானாக வரும் சொல். அதுவே நம்மைக் கெடுக்கிறது. நாம் அக்டோபரில் போட்ட கணக்கை இங்கே தருகிறோம்.

சரக்குக்கும் வீட்டுக்கும் போக நாள் ஒன்றுக்கு 75 வெள்ளி ஒதுக்க முடிந்தது. மாதம் 26 நாள் கடை திறந்தால் 1,950 வெள்ளி. நடப்பு வாடகை 1,500 போக மீதி 450. பாக்கியோ 4,500. ஆக, பத்து மாதத்தில் அடைத்துவிடலாம் என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் நாம் 450 என்று வாக்குக் கொடுக்கவில்லை. மாதம் 375 வீதம் பன்னிரண்டு மாதம் என்று சொன்னோம். காய்ச்சல் வந்து ஒருநாள் கடை அடைத்தாலும் வாக்குப் பிசகக்கூடாது அல்லவா? அந்த 75 வெள்ளியைத் தனியாக ஒரு பிஸ்கட் டின்னில் போட்டோம். சரக்குக்காரர் வந்து நின்றாலும் அந்த டின்னைத் தொடவில்லை.

நான்காவது: எழுதிக்கொள்ள வேண்டும்

திருக்குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆவது வசனம் நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் தரச் சொல்கிறது. இதை நம்மவர் பலர் நன்றாக மனனம் செய்து வைத்திருக்கிறோம். ஆனால் அது கடன் கொடுத்தவருக்குச் சொன்ன புத்தி. கடன்பட்டவர் கையில் கொடுத்த தடி அன்று. நமக்குரியது அதையடுத்து வருகிறது. 282ஆவது வசனம் தவணைக் கடனை எழுதிக்கொள்ளும்படி கட்டளையிடுகிறது. வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததையும் மறக்கலாகாது.

எழுதுவதற்குப் பெரிய தாள் வேண்டாம். எந்த மாதப் பாக்கி, மொத்தம் எவ்வளவு, மாதம் எவ்வளவு, எந்தத் தேதி, என்று முடியும் என்பதை எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டால் போதும். வாடகையில் ஏதாவது விட்டுக்கொடுத்தால், அது தள்ளுபடியா, தள்ளிவைப்பா என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். பிற்காலத்தில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இந்த ஒரு சொல்லால்தான். நேரில் முடியாதவர்கள் வாட்ஸ்அப் செய்தியாகவேனும் அனுப்பி, அவர் பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும்.

ஐந்தாவது: சட்டத்தின் இரு பக்கத்தையும் அறிய வேண்டும்

வழக்கறிஞர்கள் 'டிஸ்ட்ரெஸ்' என்று சொல்லும் 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மலேசியாவில் உண்டு. அதன்படி 12 மாதம் வரையிலான வாடகைப் பாக்கிக்காகச் சொந்தக்காரர் நீதிமன்றத்தில் ஆணை பெற்றுக் கடையிலுள்ள சரக்கைக் கைப்பற்றச் செய்யலாம். நமக்கு முன்கூட்டித் தகவல் தராமலே அந்த ஆணை பெறப்படலாம். அலமாரியில் அடுக்கிய கைலிகள் ஒரு காலையில் பட்டியலில் ஏறிவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மறு பக்கமும் உண்டு. 1950ஆம் ஆண்டின் 'ஸ்பெசிபிக் ரிலீப்' சட்டம் 7ஆம் பிரிவின்படி, வாடகை ஒப்பந்தம் முடிந்துவிட்டாலும், கடையில் இருப்பவரை நீதிமன்றத்தின் வழியாக அன்றி வெளியேற்றக்கூடாது. தாமே பூட்டைப் போட்டுக்கொள்ள அவருக்கு உரிமையில்லை. அவரிடமும் ஆயுதம் உண்டு, நம்மிடமும் கேடயம் உண்டு. ஆனால் இரண்டையும் எடுத்தால் இருவர் பணமும் வழக்கறிஞருக்கே போய்ச் சேரும். இதைப் பயமுறுத்துவதற்காகப் பேச்சில் எடுக்க வேண்டாம். நம் நிலை நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதினோம்.

செய்யக்கூடாதவை

"இரண்டு மாத முன்பணம் உங்களிடம்தானே இருக்கிறது, அதில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று நாமாகவே முடிவு செய்யக்கூடாது. கடையை ஒப்படைக்கும்போது பாக்கிக்கும் பழுதுக்குமாக வைத்த பணம் அது. அவர் சம்மதித்தால் கழிக்கலாம். மீண்டும் எப்போது நிரப்புவோம் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

வாடகை கொடுப்பதற்காக ஆலோங்கிடம் வட்டிக்கு வாங்கக் கூடாது. மார்க்கம் தடுத்தது ஒருபுறம் இருக்க, சொந்தக்காரராவது தவணை தருவார், அவன் தரமாட்டான்.

வக்ஃப் கட்டடத்தில் கடை வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருத்தல் வேண்டும். வக்ஃப் சொத்துக்கு மாநில இஸ்லாமிய சமய மன்றமே பொறுப்பாளர். வாடகை வாங்கும் அதிகாரி நம் நண்பராக இருந்தாலும், தம் இஷ்டத்துக்கு ஒரு வெள்ளியையும் விட்டுத்தர அவருக்கு அதிகாரமில்லை. ஆகவே கடிதம் எழுதி, மற்றவர்களைவிட முன்னதாகவே கொடுக்க வேண்டும். "பள்ளிவாசல் சொத்துத்தானே" என்று பிந்தவிடுவது, வக்ஃபு செய்து மறைந்த பெரியவரின் தர்மத்தைப் பிந்தவிடுவதாகும்.

மறுமுறை நடந்தது

2021ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி முதல் மீண்டும் முழு அடைப்பு என்று அறிவிப்பு வந்தது. நம்முடைய தவணையில் ஏழு கட்டியிருந்தோம். அறிவிப்பைக் கேட்ட மறுநாளே பெரியவரைத் தொலைபேசியில் அழைத்து, கடை அடைபடப் போவதையும், கையில் உள்ள தொகையையும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஜூன், ஜூலைக்குப் பாதி வாடகை கொடு. பழைய தவணையை மூன்று மாதம் நிறுத்திக்கொள். பிறகு பார்க்கலாம்" என்றார். அன்றே அதை எழுதி அனுப்பினோம். "சரி" என்று பதில் வந்தது.

2022ஆம் ஆண்டு ஜனவரியில் கடைசி 375 வெள்ளியைக் கொடுக்கப் போனபோதும் மகனை அழைத்துச் சென்றோம். பெரியவர் ரசீதை எழுதி நம்மிடம் தராமல் அவன் கையில் கொடுத்தார். அவன் அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அந்த ரசீது இன்றும் கல்லாப் பெட்டியின் அடியில் இருக்கிறது.

சகோதரர்களே! பணம் இல்லாமற் போவது குற்றம் அன்று, ஒளிந்துகொள்வதே குற்றம். இந்த மாதம் எவருக்கேனும் வாடகை பிந்தும் என்று தெரிந்தால், இந்த ஏட்டை மடித்து வைத்துவிட்டு இன்றைக்கே போய்ப் பேசுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் நாணயத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.