டயர் வாங்குமுன் ரிம்மைப் பாருங்கள்

சைக்கிளுக்குப் புது டயர் வாங்கப் போகிறவர் விலையைக் கேட்பதற்கு முன், பழைய டயரின் பக்கவாட்டில் பொடியாக அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும். 40-635 என்றிருந்தால் அகலம் 40 மி.மீ., டயர் ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம் 635 மி.மீ. கம்பி பிரேக் வைத்த பழைய கறுப்புச் சைக்கிளின் 28 அங்குலம் இதுதான். வெறுமனே '26 அங்குலம்' என்று கேட்டால் வம்பு. மலைச் சைக்கிளின் 26 என்பது 559. மெலிந்த சில டயர்களில் 590ஆகவும் இருக்கும். 559 டயர் 590 ரிம்மில் ஏறாது. 590 டயர் 559 ரிம்மில் நிற்காது.

அளவுக்கு அடுத்தது வகை. சாதாரண ட்யூப் டயரைப் பிடித்துவைப்பது அதன் விளிம்புக்குள் ஓடும் இரும்புக் கம்பி. விலை கூடிய, மடிக்கக்கூடிய டயர்களில் கெவ்லார் இழை. காற்று டயரை வெளியே தள்ளுகிறது. ரிம்மின் சுவரைத் தாண்ட அந்தக் கம்பி வட்டம் பெரிதாகவேண்டும். கம்பி நீளாது, டயரும் நகராது. 1890இல் இங்கிலாந்தில் சார்லஸ் வெல்ச் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்றைய ரிம்கள் பலவற்றில் சுவரின் உட்புறம் ஒரு கொக்கியும் இருக்கிறது, அதிக அழுத்தத்துக்குத் துணையாக. மாட்டும்போது கடைசிச் சாண் ஏற மறுத்தால் லிவர் போட்டு நெம்பாதீர்கள், ட்யூப் கிழியும். எதிர்ப்பக்க விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கினால் இந்தப் பக்கம் தானாகத் தளரும்.

டியூபுலர் டயரில் கம்பி கிடையாது. ட்யூபைச் சுற்றித் தைத்து, ரிம்மோடு பசையால் ஒட்டுவார்கள். காற்று போனாலும் சட்டென்று கழலாது என்பதால் பந்தயக்காரர்களுக்குப் பிடித்தது. பஞ்சர் என்றால் தையலைப் பிரிக்கவேண்டும். பந்தயம் ஓட்டாதவர் இதை மறந்துவிடலாம்.

ட்யூப்லெஸ்ஸில் விளிம்பு ரிம்மோடு இறுகி உட்கார்ந்து காற்றை அடைக்கிறது. உள்ளே ஊற்றும் திரவம் முள் குத்திய ஓட்டையை மூடுகிறது. திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும், வெயிலில் இன்னும் சீக்கிரம். ரோடு சைக்கிளுக்குக் கொக்கியில்லாத ரிம் வாங்கினால் 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்றடிக்கக் கூடாது. அதற்கென்று அனுமதித்த டயரைத்தான் போடவேண்டும். 2024 யு.ஏ.இ. டூர் பந்தயத்தில் சைக்கிள் வீரர் தாமஸ் டி ஜென்ட்டின் டயர் அத்தகைய ரிம்மிலிருந்து கழன்றதும் பெரிய சர்ச்சை மூண்டது. எனக்கு அந்த ரிம் வேண்டாம்.

வேலைக்கும் கடைக்கும் ஓட்டுகிறவருக்கு ட்யூப் டயரே போதும்; ஒட்டுப் போட ஆள் கிடைப்பது எளிது. கருவேல முள் கிடக்கும் மண்பாதைக்காரர் ட்யூப்லெஸ்ஸுக்குச் செலவழிக்கலாம். பையில் ஒரு ட்யூபும் வைத்துக்கொள்ளட்டும்: பெரிய கிழிசலைத் திரவம் அடைக்காது.