செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்: கியர்பாக்ஸ் செலவு யார் தலையில்?

கேள்வி: கோவையில் பம்ப்செட் உதிரிபாகத் தொழில் செய்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன், பெங்களூரில் பழைய சொகுசு கார்கள் விற்கும் ஒரு ஷோரூமில், கூரை மடங்கித் திறக்கும் ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை 58 லட்ச ரூபாய்க்கு வாங்கினேன். ஒன்பது வருடப் பழசு. 21,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. ‘ஒரே ஓனர், கம்பெனி சர்வீஸ், இன்ஜின் கியர்பாக்ஸ் பக்கா’ என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார்கள். முதல் மாதமே கூரை பாதியில் நின்றது. ஹைட்ராலிக் பம்புக்கும் சீலுக்கும் 3 லட்சம். டயர், பேட்டரி, சர்வீஸ் என்று மேலும் 4 லட்சம். இப்போது கியர்பாக்ஸ் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி நகர மறுக்கிறது. முழுதாக மாற்ற 19 லட்சம் கேட்கிறார்கள். எனக்கு விற்பதற்கு ஐந்து மாதம் முன்பே இதே கோளாறு சர்வீஸ் சென்டரில் பதிவாகியிருக்கிறது. முந்தைய ஓனர் செலவைக் கேட்டுவிட்டு, சரிசெய்யாமலே வண்டியை எடுத்துப் போயிருக்கிறார். ஷோரூம்காரரோ, ‘உள்ளது உள்ளபடி விற்றோம், நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்’ என்கிறார். இன்வாய்ஸ் என் கம்பெனி பெயரில் இருக்கிறது. ஆர்.சி. இன்னும் மாறவில்லை. காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்க முடியுமா? வெளிநாட்டில் கார் தயாரிப்பாளர்களே இழப்பீடு கொடுத்திருப்பதாகச் சொல்கிறார்கள். இங்கும் கேட்கலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் 26 லட்சம் ஒரே கணக்கு அல்ல. அதை முதலில் பிரித்துவிடுங்கள். டயர், பேட்டரி, சர்வீஸுக்குப் போன 4 லட்சம் உங்களுடையது. அதை யாரிடமும் கேட்க முடியாது. இந்த வகைக் கார்களின் விலை வருடத்துக்கு வருடம் சரியும். பராமரிப்புச் செலவு சரியாது. ஒன்றரைக் கோடிக்கு விற்ற கார் 58 லட்சத்துக்குக் கிடைக்கலாம். ஆனால் அதன் பிரேக் டிஸ்க்கும் சென்சாரும் ஒன்றரைக் கோடி ரூபாய்க் காரின் உதிரிபாகங்களாகவேதான், இறக்குமதி வரியோடு, வந்து சேரும். செலவு அதிகம் என்பது சட்டத்தின் பார்வையில் குறைபாடு ஆகாது.

கூரைக்கான 3 லட்சத்திலும் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. பம்ப், ஹைட்ராலிக் குழாய்கள், ரப்பர் சீல், சின்னச் சின்ன சுவிட்சுகள் எல்லாம் சேர்ந்து இயங்கும் அமைப்பு அது. வெயிலிலும் ஈரத்திலும் ரப்பர் இறுகும். ஓடாமல் நிற்கும் வண்டியில் இன்னும் சீக்கிரம் இறுகும். ஒன்பது வருடத்தில் 21,000 கிலோமீட்டர் என்பதை விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் அது நீண்ட நாள் நின்ற வண்டி என்பதற்கான அடையாளம். எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் வாதமாக வைப்பார். கேட்டு வையுங்கள்; வழக்கை அதன்மேல் கட்டாதீர்கள்.

உங்கள் வழக்கு கியர்பாக்ஸில்தான் இருக்கிறது, அது வலுவான வழக்கு. 1930-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி, ஒரு பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும்போது, அது விற்பனைக்கு உகந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத நிபந்தனை. கோளாறு அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது இதில் முக்கியமே இல்லை. வாங்கியவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கோளாறு டெஸ்ட் டிரைவில் தெரியாது. கணினியில் பதிவான கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டால், விளக்கும் சில நாள் எரியாது.

பழைய காருக்கு எந்த அளவு தரத்தை எதிர்பார்க்கலாம் என்பதற்கு இரண்டு ஜாகுவார் வழக்குகளை நாங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவோம். இரண்டும் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் டென்னிங் பிரபு முன் வந்தவை. நம் சட்டம் அவர்களுடைய 1893-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது என்பதால், அந்தத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் வாதத்துக்கு உதவும். 1965-இல் வந்த பார்ட்லெட் வழக்கில், கிளட்ச்சில் வேலை இருக்கிறது என்று விற்கும்போதே டீலர் சொல்லியிருந்தார். செலவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வந்தது. பழைய கார் ஓடும் நிலையில் இருந்தால் போதும், பழுது முன்னே பின்னே வரத்தான் செய்யும் என்று தீர்ப்பானது; டீலர் ஜெயித்தார். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கழித்து வந்த கிரௌதர் வழக்கில், எட்டு வருடப் பழைய ஜாகுவாரின் இன்ஜின் மூன்றே வாரத்தில் இறுகி நின்றுவிட்டது. விற்றபோதே அந்த இன்ஜின் முடிந்துபோன நிலையில்தான் இருந்தது என்று முந்தைய ஓனரே சாட்சி சொன்னார், வாங்கியவர் ஜெயித்தார். தேய்மானம் வாங்கியவர் தலையில், விற்ற நாளிலேயே செத்திருந்த பாகம் விற்றவர் தலையில். அந்தக் கோளாறைப் பதிவு செய்த சர்வீஸ் சென்டரின் பழைய ஜாப் கார்டு உங்களை இரண்டாவது வழக்கின் பக்கம் நிறுத்துகிறது. அதன் சான்றிட்ட நகலை இன்றே வாங்கிவிடுங்கள்.

‘உள்ளது உள்ளபடி’ என்ற கையெழுத்துக்குப் பயப்பட வேண்டாம். வெளிப்படையான ஒப்பந்தத்தால் மறைமுக நிபந்தனைகளை விலக்கலாம் என்று பொருள் விற்பனைச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் ஒரு கையால் ‘கியர்பாக்ஸ் பக்கா’ என்று எழுதிவிட்டு, மறுகையால் அந்தத் தாளை நீட்டியிருக்கிறார்கள். பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. ஜாப் கார்டு விவரம் தெரிந்தே மறைத்திருந்தால் அது மோசடியும் ஆகும். அந்த வாட்ஸ்அப் செய்தி உங்கள் உயிர்நாடி. போனை மாற்றாதீர்கள். மின்னணுச் சாட்சியமாகத் தாக்கல் செய்ய, பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் வேண்டும்.

கம்பெனி பெயரில் இன்வாய்ஸ் இருப்பதால் நீங்கள் நுகர்வோரே அல்ல என்று முதல் நாளே வாதிடுவார்கள். நிர்வாக இயக்குநர் பயன்படுத்துவதற்காக ஒரு கம்பெனி வாங்கிய பென்ஸ் காரைப் பற்றிய வழக்கில், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: லாபம் ஈட்டும் வேலையோடு காருக்கு நேரடித் தொடர்பு இல்லாதவரை, அது வணிக நோக்கம் ஆகாது. நீங்கள் சொந்த உபயோகத்துக்கு ஓட்டியதைக் காட்ட முடிந்தால் போதும்.

கார் கம்பெனி மேல் வழக்கு வேண்டாம். அமெரிக்காவில் 2001-2005 கால போர்ஷே பாக்ஸ்டர், 911 கார்களின் இன்ஜினுக்குள் இருந்த பேரிங் கோளாறுக்காக உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2013-இல் சமரசம் பெற்றார்கள். நீங்கள் கேள்விப்பட்டது அதுவாக இருக்கலாம். நம் நுகர்வோர் சட்டத்தில் தயாரிப்பாளர் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. ஆனால் பழுதான பொருளால் மனிதருக்கோ வேறு சொத்துக்கோ ஏற்படும் சேதத்துக்குத்தான் அது. அந்தப் பொருளுக்கே நேர்ந்த சேதத்தைச் சட்டம் வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. வாரண்டியும் முடிந்துவிட்டது. வீணாக இன்னொரு பெரிய வக்கீல் படையை எதிரில் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

எந்த ஆணையம் என்பது நீங்கள் கொடுத்த விலையைப் பொறுத்தது. கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்தது அல்ல. 50 லட்சத்துக்கு மேல், 2 கோடி வரை என்றால் மாநில நுகர்வோர் ஆணையம். வாங்கியது பெங்களூரில் என்றாலும், தமிழ்நாட்டில் வசிப்பவர் என்பதால் சென்னையில் உள்ள மாநில ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். கட்டணம் 2,000 ரூபாய், காலக்கெடு இரண்டு வருடம். ஆனால் இரண்டு வருடம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். கோளாறு தெரிந்த பிறகும் காரை வைத்துப் பயன்படுத்தினால், ஏற்றுக்கொண்டதாகக் கருதப்பட்டு, திருப்பிக் கொடுக்கும் உரிமை நழுவி, நஷ்டஈடு மட்டுமே மிஞ்சும். நான்கு மாதம் ஓடிய நிலையில் முழு விலையைத் திரும்பப் பெறுவது நிச்சயம் என்று என்னால் சொல்ல முடியாது. அதை முதல் கோரிக்கையாகவும், 19 லட்சம் பழுதுச் செலவை மாற்றுக் கோரிக்கையாகவும் வைத்து உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

அதுவரை கியர்பாக்ஸைப் பிரிக்க விடாதீர்கள். பிரித்துவிட்டால், ‘உங்கள் மெக்கானிக்தான் கெடுத்தார்’ என்பார்கள். கோளாறுக் குறியீடுகளின் பதிவும் எழுத்துமூல அறிக்கையும் மட்டும் வாங்குங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவுப்படி ஆணையத்தின் மூலமே நிபுணர் பரிசோதனை கேட்கலாம். இன்ஷூரன்ஸை நம்ப வேண்டாம். சாதாரண பாலிசியில் இயந்திரக் கோளாறுக்கு இழப்பீடு இல்லை.

ஆர்.சி. விஷயத்தில்தான் உங்களைப் பற்றி எனக்குக் கவலை. பெயர் மாற்றத்துக்கு 30 நாளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். முந்தைய ஓனர் பெயரிலேயே பாலிசியும் இருந்தால், விபத்து நேர்ந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராமல் போகலாம். என்.ஓ.சி.யையும் கையெழுத்திட்ட படிவங்களையும் நோட்டீஸிலேயே கேளுங்கள். தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து ஆயுள்வரி கட்ட நேர்ந்தால், அந்த ரசீதையும் நஷ்டக் கணக்கில் சேருங்கள். அவர்கள் சமரசத்துக்கு வந்தால், தொகை வங்கி வழியாக வந்து சேர்ந்த பிறகே ‘இனி கோரிக்கை இல்லை’ என்ற தாளில் கையெழுத்திடுங்கள். ஆர்.சி. மாற்றத்தை யார், எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.